குகைக்குள் ஒரு மாதா கோயில்

மும்பை மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் போரிவலி மேற்கையும் எக்சரையும் தாண்டினால் மண்டபேஷ்வர் என்றொரு நிலையம் வருகிறது. இறங்கி நடந்தால் ஐ.சி. காலனி. அங்குள்ள அமலோற்பவ மாதா கோயிலின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கித்தான் காலனிக்கு வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடிகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு கரும்பாறைக் குன்று இருக்கிறது. குன்றின் அடியில் தூண்கள் நிற்கும் குகைக்கோயில். அதன் தலைக்கு மேலே கூரை போன, இடிந்த கல் கட்டடம். கீழே இருப்பது ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டில் சிவனுக்குக் குடைந்தது. மேலே இருப்பது போர்ச்சுகீசியத் துறவிகள் கட்டிய மடத்தின் மிச்சம். 1540களிலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கீழே உள்ள குகையும் அந்த மடத்தின் சிற்றாலயமாகவே இருந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள்: அருமையான சைவக் குகை, நடுவில் போர்ச்சுகீசியர் வந்து கெடுத்துவிட்டார்கள், நல்லவேளையாக இப்போது மீண்டுவிட்டது. இந்தக் கதையில் பாதி உண்மை. மறுபாதியைத் தவறவிட்டால், அந்தச் சைவக் குகையைப் பற்றிக்கூட நமக்குச் சரியாகத் தெரியாமல் போகும் என்பது என் வாதம்.

முதலில் குகை. மும்பைத் தீவுகளைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பெரிய சிவன் குகைகள் எழுந்தன: ஜோகேஷ்வரி, எலிஃபண்டா, மண்டபேஷ்வர். கொங்கணக் கரையை அப்போது ஆண்டவர்கள் கலச்சூரிகளா, கொங்கண மௌரியர்களா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எலிஃபண்டாவில் கிடைத்த கலச்சூரி மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகள் ஒரு பக்கச் சாட்சி. கொங்கண மௌரியர்களைச் சாளுக்கிய மன்னன் புலிகேசி வென்றதாகச் சொல்லும் 634ஆம் ஆண்டின் ஐஹோளே கல்வெட்டு மறுபக்கச் சாட்சி. யார் காசு கொடுத்திருந்தாலும், உள்ளே வழிபட்டவர்கள் பாசுபதர்கள் என்னும் சைவப் பிரிவினர் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இந்தக் குகைகளில் திரும்பத் திரும்ப வரும், அவர்கள் குருவாகக் கொண்ட லகுலீசரின் உருவமே அதற்கு அடையாளம். மண்டபேஷ்வரில் தப்பிப் பிழைத்த சிற்பங்களில் முதன்மையானது ஆடும் சிவன். சிதம்பரத்து நடராசரைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இவரை அடையாளம் காணச் சற்று நேரம் பிடிக்கும். தூக்கிய திருவடி இல்லை, சுற்றி நெருப்புத் திருவாசி இல்லை. பல கைகள் விரிய, இடை ஒசிந்து, முழங்கால் மடித்து ஆடுகிறார். சுற்றிலும் தேவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். சோழர் செம்பில் வார்த்துப் புகழ்பெறச் செய்த வடிவத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய ஆட்டம் இது. தமிழ்ப் பயணிகள் எலிஃபண்டாவுக்குப் படகேறும் ஆர்வத்தில் கால்பங்கை இங்கே காட்டினாலும் போதும் என்று தோன்றும் அளவுக்கு நல்ல சிற்பம்.

ஆனால் இந்தக் குகையைக் குடைந்தவர் யார், எப்போது, எந்த நிவந்தத்தில் என்று சொல்லும் கல்வெட்டு எதுவும் இங்கே இல்லை. தமிழ்நாட்டுக் கோயில் என்றால் சுவர் முழுக்க எழுத்து இருக்கும். ஒரு நந்தாவிளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்பதுவரை படித்துக்கொள்ளலாம். கொங்கணத்தின் சைவக் குகைகள் இந்த விஷயத்தில் ஊமை. எலிஃபண்டாவில் இருந்த கல்வெட்டையும் போர்ச்சுகீசியர் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். அது எங்கே போனதென்று தெரியாமலே போய்விட்டது. ஆகவே மண்டபேஷ்வரின் ஆறாம் நூற்றாண்டு என்பது சிற்பப் பாணியை வைத்துச் செய்த கணிப்பு. அதற்குப் பின் வந்த ஆயிரம் ஆண்டுகளில் இங்கே விளக்கு எரிந்ததா, வௌவால் குடியிருந்ததா என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது, குகையைப் பறித்துக்கொண்டவர்கள் எழுதிவைத்த ஏடுகள்.

1534 டிசம்பரில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, முகலாயர் நெருக்கடியில் மாட்டிக்கொண்டு, வசை துறைமுகத்தையும் அதோடு சேர்ந்த சால்செட், மும்பைத் தீவுகளையும் போர்ச்சுகீசியருக்கு எழுதிக்கொடுத்தார். படைக்குப் பின்னாலேயே பிரான்சிஸ்கன் துறவிகள் வந்தார்கள். அவர்களில் அந்தோனியோ தோ போர்தோ என்பவர் சால்செட்டில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களை இடித்தும் மாற்றியும் மாதா கோயில்களை எழுப்பியவர். மண்டபேஷ்வர் அவர் கைக்கு வந்தது 1540களில். கோவாவில் ஆவணக் காப்பாளராக இருந்த வரலாற்றாசிரியர் தியோகோ தோ கூத்தோ பிற்பாடு இதைப் பதிவுசெய்தார். அவர் எழுத்தின்படி, துறவி வந்தபோது குகையில் யோகிகள் குடியிருந்தார்கள். அவர்களில் சிலர் ஞானஸ்நானம் பெற்றார்கள், மற்றவர்கள் வெளியேறினார்கள். குகை மாதாவின் பெயரால் ஆலயமாயிற்று. குன்றின் மேல் மடமும், வேதத்தில் சேர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கான கல்விக்கூடமும் எழுந்தன. போர்ச்சுகீசியர் நாக்கில் ஊர்ப் பெயர் மோம்பெசேர் என்றும் வேறு பலவாறும் திரிந்தது. இந்தக் குன்றை இன்றும் மவுண்ட் பொய்சர் என்று சொல்கிறவர்கள் உண்டு.   

கூத்தோ சொன்னதில் ஒரு செய்தியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். யோகிகள் குடியிருந்தார்கள் என்பதன் பொருள், குடைந்து ஆயிரம் ஆண்டு கழித்தும் அது துறவிகளின் இருப்பிடமாக இருந்தது என்பது. பாசுபதர்கள் மறைந்து போயிருக்கலாம், நாத யோகிகளோ வேறு யாரோ வந்திருக்கலாம். ஆனால் இடம் கைவிடப்படவில்லை. பிற்காலத்தில் சிலர், பாழடைந்து கிடந்த குகையைத்தான் துறவிகள் எடுத்துப் பயன்படுத்தினார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டதுண்டு. அவர்களுக்குப் பதில் சொல்வது வேறு யாருமல்ல, போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியரேதான். தங்கள் வெற்றியைப் பெருமையாகச் சொல்லவந்த எழுத்து, தான் அறியாமலே, அங்கே வாழும் வழிபாடு ஒன்று இருந்ததற்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. வெற்றி பெற்றவர் எழுதிய ஏட்டில் எண்ணிக்கைகளும் அதிசயங்களும் கூடுதலாகவே இருக்கும். துறவியின் புகழ் ஏறவேண்டும் என்பதற்காக யோகிகளின் எண்ணிக்கையும் ஏறியிருக்கலாம். அதைத் தள்ளிவிட்டே படிக்கவேண்டும். ஆனால் இல்லாத யோகிகளைத் தங்களுக்கு எதிராகவே கற்பித்துச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இல்லை. மாதா கோயில் காலத்தை அழித்துவிட்டுச் சைவக் குகையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், ஆறாம் நூற்றாண்டுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கும் இடையே எழுத ஒரு வரிகூட இருக்காது.

ஏட்டுக்கு ஒப்பான இன்னொரு சாட்சி பாறையிலேயே இருக்கிறது. சிற்பத்துக்கென ஒதுக்கிய பரப்பு ஒன்றைச் செதுக்கித் தட்டையாக்கி, அதில் ஒரு பெரிய சிலுவையைப் புடைப்பாக விட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதல்ல அது. புடைப்புச் சிலுவை வேண்டுமென்றால் சுற்றியுள்ள கல்லை உள்வாங்கச் செதுக்க வேண்டும். ஏற்கெனவே புடைப்பாக நின்ற உருவத்தின் கனத்திலிருந்துதான் சிலுவையின் கனம் கிடைத்திருக்க முடியும். அதாவது, சிலுவை நிற்பது பழைய சிற்பத்தின் உடம்பில். உளி பிடித்த கொத்தன் யார் என்று தெரியாது. இந்தப் பகுதியின் எரிமலைப் பாறையைக் கையாளத் தெரிந்த உள்ளூர்க்காரனாகவே இருந்திருக்க வேண்டும், லிஸ்பனிலிருந்து கல்தச்சனை யாரும் கப்பலேற்றி அனுப்பியிருக்க மாட்டார்கள். ஒரே பரப்பில் பறிபோன வழிபாடும் வந்தேறிய வழிபாடும் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. இதில் எதை மீட்பது? சிலுவையைச் செதுக்கி எடுத்தால் கீழிருந்து பழைய சிற்பம் எழுந்து வராது. வெறும் கல்தான் மிஞ்சும். அங்கே ஒரு சிற்பம் அழிக்கப்பட்டது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடும்.

இந்த ஆலயத்துக்கு முடிவு வந்த ஆண்டைத் தாராவிக்காரர்கள் தினமும் கடந்துபோகிறார்கள். தாராவி பஸ் டிப்போவுக்குப் பெயர் கொடுத்த காலா கில்லாவின் சுவரில் 1737 என்ற ஆண்டும் பம்பாய் ஆளுநர் ஜான் ஹார்னின் பெயரும் பொறித்த கல் ஒன்று உண்டு. அந்த ஆண்டில்தான் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை தாணேயையும் சால்செட்டையும் பிடித்தது. மாகிம் கழிக்கு இந்தப் பக்கம் இருந்த ஆங்கிலேயர் பதறிப்போய்க் காவலைப் பலப்படுத்தினார்கள். 1739 மே மாதம் வசைக் கோட்டையும் விழுந்தது. போர்ச்சுகீசிய மடங்களின் மானியமும் ஆளும் அதோடு போயின. மண்டபேஷ்வரில் மடம் கூரையிழந்தது. 1760இல் சால்செட்டைச் சுற்றிவந்த பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துப்பெரோன் இந்தக் குன்றையும் பார்த்து எழுதிவைத்தார். 1774 டிசம்பரில் ஆங்கிலேயர் தாணேயைப் பிடித்தார்கள்; அதற்குப் பிறகு குகைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அளவுகோலோடு வந்தார்கள். ஃபெர்குசனும் பர்ஜெஸும் 1880இல் வெளியிட்ட குகைக்கோயில் நூலில் இந்த இடம் இருக்கிறது. சிற்பங்களை மறைத்திருந்த கிறித்தவக் காலக் கட்டுமானங்களும் காலப்போக்கில் அகற்றப்பட்டு, ஆடும் சிவன் மறுபடி கண்ணுக்கு வந்தார்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. பலவந்தத்தால் நடந்த மாற்றத்தை வரலாற்று அடுக்கு என்று அழகாகப் பெயரிட்டு அழைப்பது, செய்த கொடுமைக்குச் சால்வை போர்த்துவது ஆகாதா? மண்டபேஷ்வரில் நடந்ததை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆட்சி, படை, வருமானம் மூன்றும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் காவி கட்டிய சில யோகிகள் நின்றார்கள். அவர்களில் மனம் மாறியவர்கள் எந்த அளவு விரும்பி மாறினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல ஏடு போதாது. ஆனால் கொடுமை நடந்தது என்று நிறுவ விரும்புகிறவருக்கே அந்த அடுக்கு அதிகம் தேவைப்படுகிறது. சிலுவையும், மேலே நிற்கும் மடத்துச் சுவரும் இல்லாவிட்டால், கூத்தோ எழுதியது ஒரு பழைய புத்தகத்தின் கதையாகச் சுருங்கிவிடும். நடந்ததைக் கண்டிப்பதற்கும் நடந்ததன் தடயத்தைக் கலைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கொலை நடந்த வீட்டைக் கோபத்தில் கழுவிவிடுகிறவர் குற்றவாளிக்கே உதவுகிறார்.

இரண்டாவது மறுப்பு கலை வரலாற்றாளர்களிடமிருந்து வருவது. ஆறாம் நூற்றாண்டுச் சிற்பத்துக்கும் பதினாறாம் நூற்றாண்டு சுண்ணாம்புச் சுவருக்கும் ஒரே மதிப்பா? இல்லைதான். பழஞ்சின்னங்களைப் பேணுவோர் உலகம் முழுவதும் வழிகாட்டியாகக் கொள்ளும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றை மதிக்கவேண்டும், ஒரே பாணிக்குத் திரும்பக் கொண்டுவருவது மராமத்தின் நோக்கம் அல்ல என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: எடுக்கப்படுவது அற்பமானதாகவும், அடியில் தெரியவருவது பெருமதிப்பு உடையதாகவும் இருந்தால் எடுக்கலாம். அந்தக் கணக்கில் ஆடும் சிவனை மறைத்தவற்றை எடுத்தது சரி. யாராவது அவற்றைத் திரும்ப வைக்கச் சொன்னால் நானே எதிர்த்து எழுதுவேன். நான் மறுப்பது, அந்த ஒரு விலக்கையே விதியாக்கி, குன்றிலுள்ள மற்ற எல்லாவற்றையும் குப்பைக் கணக்கில் சேர்ப்பதை.

இந்தச் சிக்கலில் ஏதென்ஸ் நகரம் நமக்கு முன்பே விழுந்து எழுந்திருக்கிறது. பார்த்தெனான் கோயில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் மாதா கோயிலாக இருந்தது, பிறகு பள்ளிவாசலாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற கிரேக்க நாடு, பெரிக்ளீஸ் காலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அக்ரோபோலிஸிலிருந்து உரித்தெறிந்தது. அங்கே நின்ற மத்தியகாலக் கோபுரம் ஒன்று, ட்ராய் நகரைத் தோண்டிய ஷ்லீமான் கொடுத்த பணத்தில் 1875இல் இடிக்கப்பட்டது. அதே ஊரில் குன்றுக்குக் கீழே, பண்டைய சந்தைத் திடலான அகோராவை 1931இலிருந்து அமெரிக்கர்கள் தோண்டினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, பிற்காலத் தேவாலயம் ஒன்றும் போயிற்று. ஆனால் ஏறத்தாழ ஆயிரமாம் ஆண்டில் கட்டிய புனித அப்போஸ்தலர் சிற்றாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். 1950களில் பிற்சேர்க்கைகளை நீக்கிப் பழுதும் பார்த்தார்கள். இன்று அகோராவுக்குப் போகிறவர், சாக்ரடீஸ் பேசிய திடலில் அவருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு பிந்திய ஆலயத்தையும் பார்க்கிறார். பார்த்ததனால் சாக்ரடீஸின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஏதென்ஸ் நடுவில் செத்துப்போன நகரம் அல்ல என்பது மட்டும் புரிகிறது. அக்ரோபோலிஸில் உரித்ததைப் பற்றி இன்றைய தொல்லியலாளர்களில் பலர் பெருமூச்சு விடுகிறார்கள். விட்டு என்ன பயன்?

மறுபக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வருவதுண்டு. மாதா கோயில் பக்கம் சாய்ந்து பேசுகிறவர்கள், சுவர் எழுப்பி மூடியதால்தான் ஆடும் சிவன் பிழைத்தார், ஆகவே துறவிகளுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும் என்பார்கள். மூடிய கல் மழைக்கும் கைக்கும் தப்பும் என்பது உண்மை. இந்த மென்மையான எரிமலைப் பாறை ஈரக்காற்றில் எப்படி அரிக்கும் என்று ஜோகேஷ்வரிக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். அங்கே பல சிற்பங்கள் அடையாளம் தெரியாத கூழாகிவிட்டன. ஆனால் காப்பாற்றும் எண்ணத்தில் மூடவில்லை. பூசை நடக்கும் இடத்தில் விக்கிரகம் கண்ணில் படக்கூடாது என்பதற்காக மூடினார்கள். எண்ணம் வேறு, விளைவு வேறு. அதே கைகள்தான் இன்னொரு பரப்பைச் செதுக்கிச் சிலுவை ஆக்கின. மூடிய ஒன்று பிழைத்தது, செதுக்கிய ஒன்று அழிந்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நியாயம். ஒன்றை மட்டும் சொன்னால் வக்கீல் வாதம்.

இன்னொன்றையும் நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். இது அந்நியர் கட்டியது, அந்நியர் போனார்கள், இதில் நமக்கென்ன என்ற கேள்வி. கொங்கணக் கரையில் கிறித்தவம் போர்ச்சுகீசியரோடு தொடங்கியது அல்ல. கல்யாணில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஆயர் இருந்ததாக ஆறாம் நூற்றாண்டில், அதாவது மண்டபேஷ்வர் குடையப்பட்ட அதே நூற்றாண்டில், காஸ்மாஸ் என்ற வணிகர் எழுதினார். 1321இல் தாணேயில் நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டபோது அங்கே நெஸ்தோரியக் கிறித்தவர்களின் பதினைந்து வீடுகள் இருந்ததாக, கொல்லப்பட்டவர்களின் எலும்பை எடுத்துச்செல்ல வந்த துறவி ஒதோரிக் குறிப்பிடுகிறார். அந்தப் பழைய சமூகத்தின் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. போர்ச்சுகீசியர் காலத்தில் வேதத்தில் சேர்ந்தவர்களின் வழிவந்தவர்களோ இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். 1887இல் ஈஸ்ட் இண்டியன் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட அவர்கள், வீட்டில் மராத்தி பேசும் கோலிகளும் குன்பிகளுமாக இருந்த குடும்பங்கள். கோராய், மனோரி, உத்தன் என்று கடலோர ஊர்களில் உழுதும் மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். மடத்துக் கல்விக்கூடத்தில் படித்த பிள்ளைகள் அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன். லிஸ்பனுக்குப் போய்விட்ட யாருக்கோ உரிய இடிபாடு இல்லை இது.

மும்பையில் பழைய மாதா கோயில்களுக்கா பஞ்சம், இந்த ஒன்று போனால் என்ன என்று கேட்கலாம். பெயர்கள் பழையவை, சுவர்கள் பழையவை அல்ல. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் புதன்கிழமை தோறும், எந்த மதம் என்று பாராமல், தமிழர்கள் நவநாளுக்குப் போகும் மாகிம் புனித மிக்கேல் ஆலயம் 1534 வரை பின்னோக்கிப் போவது. இப்போதுள்ள கட்டடம் 1973இல் எழுந்தது. தாதர் போர்ச்சுகீசிய ஆலயம் 1596இல் தொடங்கியது; இன்று நாம் பார்ப்பது 1970களில் சார்ல்ஸ் கொரியா வரைந்தது. கூட்டம் பெருகும் ஆலயத்தைப் பெரிதாக்கிக் கட்டத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. அதன் விளைவாக, பதினாறாம் நூற்றாண்டின் கொத்துவேலையை இந்தத் தீவுகளில் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் வழிபாடு நின்றுபோன இடங்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அந்தேரி சீப்ஸ் தொழில்வளாகத்தின் வேலிக்குள், 1579இல் சேசுசபையார் கட்டி, 1840இல் கொள்ளைநோய்க்குப் பின் கைவிடப்பட்ட புனித அருளப்பர் ஆலயம் மரங்களுக்கிடையே நிற்கிறது; நுழைவுச்சீட்டு இல்லாமல் யாரும் அருகே போக முடியாது. வசைக் கோட்டைக்குள் சில நிற்கின்றன. எளிதில் போய்ப் பார்க்கக்கூடியது, அதிலும் அதற்கு முந்திய வழிபாட்டோடு சேர்த்தே பார்க்கக்கூடியது, மண்டபேஷ்வர்.

கோயில் கைமாறிய கதை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் அந்தச் சமணப் பள்ளி பகவதி கோயிலாயிற்று. பகவதி வந்தபிறகும் தீர்த்தங்கரர்கள் பாறையில் அப்படியே இருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். சிதறாலில் பகவதியை வெளியேற்றிச் சமணத்தை மீட்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஊரே திரண்டு வரும். இரண்டும் ஒன்றல்ல என்று வாதாடலாம்: சிதறாலில் உளி விழவில்லை, மண்டபேஷ்வரில் விழுந்தது, அங்கே ஆட்சி கடல் கடந்து வரவில்லை, இங்கே வந்தது. ஒப்புக்கொள்கிறேன். குற்றத்தின் அளவைத் தீர்மானிக்க அந்த வித்தியாசம் பயன்படும். அடுத்து வந்ததையும் சேர்த்துப் பாதுகாக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே பதில்தான்.

சட்டம் இதில் அதிகம் உதவாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த நிலையை உறையவைக்கும் 1991ஆம் ஆண்டு வழிபாட்டிடச் சட்டம், 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்துக்கு உட்பட்ட இடங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, வழிபாட்டிடமான சின்னத்தை அதன் இயல்புக்கு முரணாகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. இரண்டு இயல்பு உள்ள சின்னத்தில் எது இயல்பு என்று அது பிரித்துச் சொல்லவில்லை. சிவராத்திரிக்கு மண்டபேஷ்வருக்குக் கூட்டம் வருகிறது, வரட்டும். ஆயிரம் ஆண்டு யோகிகள் இருந்த இடத்துக்கு சிவராத்திரி அந்நியம் அல்ல. குகை மறுபடி பூசைக்குரிய மாதா கோயிலாக வேண்டும் என்பதும் என் வாதத்தில் இல்லை. மாதாவுக்குச் சற்றுத் தள்ளியே நல்ல ஆலயம் இருக்கிறது. கேட்பது இவ்வளவுதான்: குகையில் வைக்கும் அறிவிப்புப் பலகை மாதா கோயில் காலத்தை ஒரு வரியில் தாண்டிப் போகாமல், யோகிகள், அந்தோனியோ தோ போர்தோ, கூத்தோ, சிலுவை வெட்டிய பரப்பு எல்லாவற்றையும் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும். மேலே உள்ள மடத்தின் சுவர்களைக் கல் கல்லாக அளந்து வரைபடம் எடுக்கட்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே, முதலில் சிற்பத்தைக் காப்பாற்றுவோம், இடிந்த மடம் காத்திருக்கட்டும் என்பது அதிகாரிகள் சொல்லக்கூடிய கடைசி மறுப்பு. இதற்குப் பதில் கட்டட அமைப்பிலேயே இருக்கிறது. மடம் நிற்பது குகையின் கூரையில். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை முதலில் விழுவது அந்த இடிபாட்டின் மேல். அங்கே தரைக்கல் பெயர்ந்து, ஆலமரக் கன்றின் வேர் விரிசலைப் பிளந்து, தண்ணீர் தேங்கினால், அது இறங்குவது ஆடும் சிவன் நிற்கும் அதே பாறைக்குள். மேலே சுவர்களின் தலையைப் பூசி, வேரை எடுத்து, நீர் ஓட வாட்டம் கொடுக்காமல் கீழே சிற்பத்துக்கு எத்தனை இரசாயனம் பூசினாலும் அடுத்த மழைக்கு ஈரம் திரும்பிவிடும். மடத்துக்கும் குகைக்கும் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டியிருக்கிறது.